'தண்ணி குடிச்சியா?' - தோலாவிரா வெயிலில் நானும் அம்மாவும்!

மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு வேலை தவறாமல் வந்துவிடும். 'கோடையைச் சமாளிப்பது எப்படி?' மூன்று வருடங்களில் இந்தத் தலைப்பில் நான் எழுதியதை எண்ண இரண்டு கை விரல்கள் போதாது. முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: நிறைய தண்ணீர் குடியுங்கள். அடுத்த வரி: பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே போகாதீர்கள். ஏ.சி குளிர் தாங்காமல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டுதான் இதையெல்லாம் டைப் செய்வேன்.

அப்படிப்பட்ட நான் கடந்த ஏப்ரல் கடைசியில், குஜராத்தில் உப்புப் பாலைவனத்துக்கு நடுவே இருக்கிற ஒரு தீவில், பகல் 12 மணிக்கு மயங்கி விழுந்தேன். தோளில் தொங்கிய பையில் ஒரு லிட்டர் பாட்டில் இருந்தது. முக்கால்வாசி அப்படியே இருந்தது.

எனக்குச் சொந்த ஊர் கடலூர் முதுநகர். ஊர்க்காரர்கள் 'ஓ.டி' என்றுதான் சொல்வோம். ஓல்டு டவுன். அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் எழுந்த குடியிருப்புகளில் நிறைய சுவர்களில் அவர்கள் இருவரின் கையும் பட்டிருக்கிறது. அப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை, முட்டி விடுவதில்லை. அம்மாவும் நின்றுவிட்டாள். அண்ணன் புஜ் நகரத்தில் காற்றாலை பராமரிப்பு வேலையில் இருக்கிறான். அவனுக்குப் பையன் பிறந்து, அண்ணி அம்மா வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்ததும், "பேரனைப் பாக்கணும்" என்று இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ்ஸில் அகமதாபாத், அங்கிருந்து புஜ். துணைக்கு நான், ஒரு வார லீவில்.

தோலாவிரா போகலாம் என்றது நான்தான். ஹரப்பா நாகரிக நகரம், சுமார் 5,000 வருடங்களுக்கு முன் உருவானது, 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, இந்தியாவின் 40-வது. அந்தச் செய்தியை அன்று அரை மணி நேரத்தில் எழுதி ஏற்றிய ஞாபகம் யாருக்கோ இருக்கும். நான் அப்போது டிப்ளோமா மாணவி. எழுத்தில் படித்த இடத்தைக் கண்ணால் பார்க்கும் ஆசை. அண்ணன், "இந்த மாசத்துல யாரும் போக மாட்டாங்க" என்றான். "கூட்டம் இருக்காதுல்ல" என்றேன் நான். என் புத்தி அப்படி.

விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. குழந்தை இரவெல்லாம் அழுது, அம்மா புளிசாதம் கிண்டி முடித்து, வண்டி எடுக்கும்போது 8 மணி ஆகிவிட்டது.

காவ்டாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தப் புதுச் சாலை வருகிறது. ரண் பகுதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சுமார் 30 கிலோமீட்டர். இன்ஸ்டாகிராமில் 'சொர்க்கத்துக்குப் போகும் சாலை' என்று பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கண் எட்டும் வரை வெள்ளை உப்பு, நடுவில் கறுப்பாய் ஒரு கோடு. மரம் இல்லை, வீடு இல்லை, ஒரு காக்கை இல்லை. "மரக்காணம் உப்பளத்தை ஆயிரம் மடங்கு பெருசாக்குன மாதிரி இருக்கு" என்றார் அப்பா.

அழகுதான். ஆனால் சொர்க்கத்துக்குப் போகிற வழியில் எங்கள் கண்ணில் ஒரு கழிப்பறையும் படவில்லை. கிளம்பி ஒரு மணி நேரத்தில் டீ குடிக்க நின்ற இடத்தில் ஒன்று இருந்தது, பூட்டுப் போட்டிருந்தது. சாவி யாரிடம் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. அண்ணனும் அப்பாவும் அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தார்கள். நானும் அம்மாவும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். அப்போது நான் என்ன செய்தேன் என்று பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். பாட்டில் மூடியை இறுக்கித் திருகிப் பைக்குள் வைத்தேன். முடிவெடுத்தோ திட்டம் போட்டோ செய்ததில்லை. கை தானாகச் செய்தது. ஸ்கூல் படிக்கும்போதிலிருந்து பஸ் பயணம் என்றால் கைக்குப் பழகிய வேலை.

ஆனால் அப்பாவை விடவில்லை. அவருக்கு 60 தாண்டிவிட்டது, பிரஷர் மாத்திரை வேறு. அரை மணிக்கு ஒருதரம், "அப்பா, தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "வயித்துல குளம் வெட்டாத பாப்பா" என்று சிரித்தார். அம்மாவையும் ஒருமுறை கேட்டேன். "குடிச்சேன் குடிச்சேன்" என்றாள்.

போய்ச் சேரும்போது 11 மணி ஆகப் போனது. போன் 42 டிகிரி காட்டியது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடலூரில் 37 டிகிரி தாண்டினாலே சட்டை முதுகோடு ஒட்டிவிடும். நெற்றியில் வழிவதைத் துடைத்து மாளாது. அதனால் 'உடம்பிலிருந்து தண்ணீர் போகிறது' என்று நமக்கே தெரியும். ரண்ணில் அப்படி இல்லை. எனக்கு வியர்க்கவே இல்லை. 'பரவாயில்லையே, நம்ம ஊர் வெயிலைவிட இது தேவலை' என்றுகூட நினைத்தேன். உண்மையில் வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. காற்று அவ்வளவு வறட்சி. தோலில் எட்டிப் பார்த்த நொடியே வியர்வை ஆவியாகிவிடுகிறது. உடம்பைக் குளிர்விப்பது வழிகிற வியர்வை அல்ல, ஆவியாகிற வியர்வைதான். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அது ஆவியாக வழியில்லாமல் நாம் வெந்துபோகிறோம். அதனால்தான் வானிலை ஆய்வு மையமும் வெப்ப அலைக்கான வரம்பைச் சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37 என்று பிரித்து வைத்திருக்கிறது. பாலைவனத்தில் ஆபத்து வேறு மாதிரி. அங்கே வியர்வை தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது; உடம்பில் இருக்கிற தண்ணீர்தான் சத்தமில்லாமல் காலியாகிறது. ஈரம் கண்ணில் படாததால் சந்தேகமும் வராது.

இதெல்லாம் அன்றைக்கு முன்பே எனக்குத் தெரியும். எழுதியும் இருக்கிறேன்.

தோலாவிராவைப் பற்றிச் சொல்கிறேன். காதிர் என்கிற தீவு. தீவு என்றால் சுற்றிலும் கடல் இல்லை, உப்பு வெளி. ஒரு காலத்தில் ரண்ணில் படகு ஓடும் அளவுக்குக் கடல் நீர் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1960-களின் கடைசியில் தொல்லியல் துறையைச் சேர்ந்த ஜே.பி.ஜோஷி இந்த இடத்தை அடையாளம் கண்டார். 1990 வாக்கில் தொடங்கி ஆர்.எஸ்.பிஷ்ட் தலைமையில் பல வருடங்கள் தோண்டினார்கள். மற்ற ஹரப்பா நகரங்களை நினைத்தால் செங்கல் ஞாபகம் வரும். இங்கே கல். கோட்டை, நடுநகர், கீழ்நகர் என்று பிரித்துக் கட்டிய கல் நகரம்.

நான் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா எதையும் பேசாமல் ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்தில் குனிந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தபடி வந்தார். கிழக்குப் பக்கம் இருக்கும் பெரிய நீர்த்தேக்கத்தின் விளிம்புக்கு வந்ததும் நின்றுவிட்டார். சுமார் 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், 10 மீட்டருக்கு மேல் ஆழம். உள்ளே இறங்கப் படிகள். நம் ஊர்க் கோயில் குளத்தைத் தண்ணீர் இல்லாமல் பார்ப்பதுபோல இருந்தது.

"வாட்டம் பாத்தியா?" என்றார் அண்ணனிடம். "ஊரே ஒரு பக்கமா சாயுது. மேல இருக்கிற தொட்டி ரொம்புனா தானா கீழ் தொட்டிக்குப் போகும். மோட்டாரு கீட்டாரு எதுவும் வேணாம்."

அவர் சொன்னது சரி. மதிலுக்குள் மட்டும் நகரத்தின் நிலம் ஏறத்தாழ 13 மீட்டர் சரிகிறது. வடக்கே மன்சர், தெற்கே மன்ஹர் என்று இரண்டு ஓடைகள். மழைக்காலத்தில் மட்டும் ஓடுபவை. அவற்றைக் குறுக்கே தடுத்து, வருகிற தண்ணீரை நகரத்தைச் சுற்றி வெட்டிய தொட்டிகளுக்குத் திருப்பி, ஒன்று நிரம்ப அடுத்தது என்று சேர்த்திருக்கிறார்கள். கோட்டைக்குள் விழும் மழையைத் திரட்டக் கல் கால்வாய்கள் தனி. வருடத்துக்கு 300 மில்லிமீட்டர் மழையே பெரிய விஷயமாக இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 1,500 வருடம் ஓர் ஊர் நின்றது இப்படித்தான். கடைசியில் மழை குறைந்ததும், ஆறுகள் வறண்டதும், வணிகம் படுத்ததும் அதை முடித்திருக்கலாம் என்கிறார்கள்.

"நம்ம ஊர்ல ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல பெய்யுதுப்பா" என்றேன்.

"பேஞ்சி? 2015-ல வீட்டுக்குள்ள முட்டி அளவு வந்துச்சி. அடுத்த சித்திரையில குழாயில காத்துதான் வந்துச்சி" என்றார். சிதம்பரம் பக்கம் வீராணம் ஏரியைச் சோழர் காலத்தில் வெட்டினார்கள். 2004 முதல் அதன் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. என் ஹாஸ்டல் குழாயிலும் ஒருவேளை அதுதான் வருகிறது. ஓ.டி-யில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு? அதைப் பேச ஆரம்பித்தால் அப்பா நிறுத்த மாட்டார்.

அம்மாவுக்குத் தொட்டிகளில் அவ்வளவு ஆர்வம் இல்லை. கோட்டைக்குள் இருக்கும் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் அவள் நின்றாள். அங்கே ஒரு கல்லில் பள்ளம் பள்ளமாகக் கோடுகள். யாரும் சொல்லாமலே, "கயிறு தேஞ்ச தடம்டி இது" என்றாள். ஆமாம், தண்ணீர் இறைத்த கயிறு உரசி உரசி விழுந்த தடம்தான். "எத்தன பொம்பளைங்க எத்தன வருஷம் இழுத்தா கல்லு இப்படித் தேயும்?" என்றாள். இறைத்தது பெண்கள்தான் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். தெற்குப் பக்கம் பாறையைக் குடைந்த தொட்டிகளைப் பார்க்க நடந்தோம். தலை லேசாக வலித்தது. வாய் ஒட்டிக்கொண்டது. கொட்டாவியாக வந்தது. வீடியோவுக்காகப் பேச ஆரம்பித்து, 'ஹரப்பா' என்ற வார்த்தை வராமல் இரண்டு முறை தடுமாறினேன். அண்ணன் சிரித்தான். கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுத்தது. வெள்ளையாக இருந்த எல்லாமே இன்னும் வெள்ளையானது. அவ்வளவுதான்.

கண் திறந்தபோது அருங்காட்சியகத்துப் பக்கம் ஒரு நிழலில், தரையில் கிடந்தேன். கால்களைப் பையின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். அம்மா தன் முந்தானையை நனைத்து என் கழுத்திலும் கையிலும் ஒற்றிக்கொண்டிருந்தாள். அப்பா துண்டால் விசிறினார். அந்த நிமிடம் கிடைத்த குளிர்ச்சி இருக்கிறதே! என்னிடமிருந்து தண்ணீரைத் திருடிய அதே வறண்ட காற்று, ஈரத் துணியில் பட்டதும் பனிக்கட்டிபோல இறங்கியது. காவலர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். அந்த ஊர்ப் பேச்சில் 'சாஸ்'. உப்பும் சீரகமும் போட்டது. எழுந்து உட்கார வைத்து, பேரும் ஊரும் கேட்டு, நான் சரியாகப் பதில் சொன்ன பிறகுதான் அம்மா அதை என் வாயில் வைக்க விட்டாள். மடக்கு மடக்காக.

எனக்கு வந்தது வெப்பச் சோர்வு. நேரம் கடந்து பேச்சு குழறியபடியே இருந்தாலோ, உடம்பு சூடு 40 டிகிரியைத் தாண்டினாலோ அது வெப்பவாதம்; உயிரே போகும். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. அண்ணன் முகம் வெளிறிப்போயிருந்தது. "சைட்ல இந்த மாதிரி எத்தன பேர தூக்கியிருக்கேன்" என்று அம்மா மட்டும் நிதானமாக இருந்தாள்.

அப்பா என் பையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் நீட்டினார். நான் அவமானத்தில் வேறு பக்கம் திரும்பியபோதுதான் அது கண்ணில் பட்டது. அம்மாவின் கூடை திறந்து கிடந்தது. புளிசாத டப்பா, அப்பளம், பேரனுக்கு வாங்கிய கிலுகிலுப்பை. ஓரத்தில் அவளுடைய பாட்டில். கழுத்து வரை நிறைந்திருந்தது.

"நீ குடிச்சேன்னு சொன்னே?"

"ஒரு வாய் குடிச்சேன்" என்றாள். பிறகு, "வழியில எங்க போறதுடி?"

நான் எதுவும் பேசவில்லை. அவளே சொன்னாள். "எனக்குப் பழக்கம். சைட்ல கக்கூஸ் ஏது? ஆம்பளைங்க சுவத்தோரம் போயிடுவாங்க. நாங்க காலைல ஒரு டீயோட ஏறுனா, மத்தியானம் சோத்துக்கு ஒரு டம்ளர். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் சொம்போட குடிப்பேன். இருபது வருஷம் அப்படித்தான். உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல முடியவில்லை. சின்ன வயதில் இரவு விழித்தால் அம்மா பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நீர்க்கடுப்பு. மறுநாள் பார்லி தண்ணியோ இளநீரோ குடித்துவிட்டுச் சாந்துச்சட்டி தூக்கப் போய்விடுவாள். வீட்டில் பார்லி கொதிக்கும் வாசனை எனக்கு அவ்வளவு பழக்கம். இரண்டு வருடங்களுக்கு முன் ரத்தப் பரிசோதனையில் அவளுக்குக் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலாக வந்தது. டாக்டரிடம் கூட்டிப் போனவள் நான்தான். "தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?" என்று அவர் கேட்டார், அம்மா தலையாட்டினாள், நானும் ஆட்டினேன்.

வெயிலில் உழைக்கிறவர்களுக்கு உடம்பில் திரும்பத் திரும்ப நீர் வற்றினால் சிறுநீரகம் பழுதாகலாம் என்பதை மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் தொழிலாளர்களை வைத்து நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் உப்பளத் தொழிலாளர்களிடம் இப்படி ஆய்வு நடந்திருக்கிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்ற செய்தியை டெஸ்க்கில் போட்டது நான்தான். வழியில் கடந்து வந்த அகமதாபாத்தில், 2010 மே மாதம் ஒன்றில் மட்டும் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதன் பிறகுதான் 2013-ல் அங்கே வெப்பச் செயல்திட்டம் வந்தது. இவ்வளவும் தெரிந்த எனக்கு, அப்பாவைக் கேட்ட மாதிரி அம்மாவை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றவில்லை? கேட்டாலும் அவள் போவதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்று ஏன் பார்க்கவில்லை? ஒவ்வொரு வருடமும் 'நிறைய தண்ணீர் குடியுங்கள்' என்று எழுதினேன். குடித்துவிட்டு எங்கே போவது என்று ஒரு வரி எழுதியதில்லை. என் கையே பாட்டிலை மூடி வைத்த பிறகும்.

அங்கே கழிப்பறை இருந்தது. இரண்டு பேரும் போய்விட்டு வந்தோம். பிறகு எதிரெதிரே உட்கார்ந்து, பந்தயம் வைத்ததுபோல ஆளுக்கொரு பாட்டிலைக் காலி செய்தோம்.

வெயில் இறங்கும்வரை கிளம்ப வேண்டாம் என்று அங்கேயே நிழலில் இருந்தோம். கோட்டையின் வடக்கு வாசலுக்குப் பக்கத்தில் கிடைத்த அந்தப் பத்து எழுத்துகளைப் பற்றி அப்பாவுக்குச் சொன்னேன். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம். மரப்பலகையில் ஜிப்சத்தை வெட்டிப் பதித்தது. மரம் மக்கிப்போய் எழுத்து மட்டும் தங்கியது. வாசலுக்கு மேல் மாட்டியிருந்த பெயர்ப் பலகையாக இருக்கலாம் என்கிறார்கள். இன்றுவரை யாரும் உறுதியாகப் படிக்கவில்லை. சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டினால் 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு சார்பில் அறிவித்தார்கள் என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'இங்கு நல்ல தண்ணீர் கிடைக்கும்'னு இருக்கும்" என்றார்.

"அதெல்லாம் இல்ல. பொம்பளைங்க பக்கம் எதுன்னு போட்டிருப்பான்" என்றாள் அம்மா.

அண்ணன் சிரித்த சிரிப்பில் காவலர் எட்டிப் பார்த்தார்.

4 மணிக்கு மேல் கிளம்பினோம். உப்பு வெளி இளஞ்சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது. வீடியோ எடுக்கத் தோன்றவில்லை. அம்மா கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து, காவலர் நிரப்பிக் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே வந்தாள். காவ்டா நெருங்கும்போது ஒரு ஹோட்டல் வெளிச்சம் தெரிந்தது. பின் சீட்டிலிருந்து குனிந்து அண்ணன் தோளைத் தட்டினாள்.

"வண்டிய நிறுத்துடா."

"என்னம்மா, டீயா?"

"டீ இல்ல. பாத்ரூம் போவணும்."

எங்கள் குடும்பத்தோடு எத்தனையோ பயணம் போயிருக்கிறேன். அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.